கடைசிப் பெட்டி விளக்கு

அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது. அட்டவணையில் ஒரு எண் உண்டு, அவ்வளவுதான். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சின்னத் தொலைநோக்கி வேண்டும், இருட்டுக்குப் பழகிய கண் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். அப்புறம் இரண்டு வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவே, சற்றுக் கீழே தள்ளி, சாம்பல் மூடிய தணல் போல ஒன்று தெரியும். மற்ற நட்சத்திரங்களைச் சிவப்பு என்று சொல்வதெல்லாம் ஒரு பேச்சுக்கு. இது உண்மையிலேயே சிவப்பு.

அதை முதன்முதலில் அண்ணனுக்குக் காட்டியவள் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், அவன் வீட்டு மொட்டைமாடியில். அண்ணன் வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"இது கடைசிப் பெட்டி விளக்குடி."

அண்ணன் ரயில் ஓட்டுகிறவன். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நிலையத்தில் நிற்கிறவர்கள் ரயில் போன பிறகு அதைப் பார்ப்பார்கள். எஞ்சினில் இருப்பவன் அதைப் பார்க்கவே கூடாது. அவன் கண்ணில் அது பட்டால், அவனுக்கு முன்னால் அதே தண்டவாளத்தில் இன்னொரு ரயில் இருக்கிறது என்று அர்த்தம். இதை அண்ணன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் அன்றைக்கு மாடிப்படியில் இறங்கும்போது அவளுக்கு முதுகில் லேசாகச் சிலிர்த்தது. பனி என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த நட்சத்திரம் அவர்கள் குடும்பத்துக்குக் கடைசிப் பெட்டி ஆகிவிட்டது. "கடைசிப் பெட்டி வந்தாச்சா?" என்று அண்ணி கேட்டால் மேலே மேகம் இல்லைதானே என்று கேட்பதாக அர்த்தம்.

அவளுக்கு வேலை ஒரு வானாய்வகத்தின் நகர அலுவலகத்தில். பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் எங்கோ மலைமேல் இருந்தன. இங்கே இருந்தவை மேசைகள், கணினிகள், எப்போதும் சூடு ஆறிப்போன தேநீர். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைத் தங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்து, இன்று இவ்வளவு என்று எழுதி அனுப்புகிற ஆர்வக்காரர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். ஒரு பல் மருத்துவர், ரொட்டி சுடுகிறவர், பள்ளிக்கூடத்துக் காவலாளி, இரட்டைக் குழந்தைகளின் அம்மா. அண்ணனும் அவர்களில் ஒருவனாகியிருந்தான். அவர்கள் அனுப்பும் எண்களைச் சேர்த்து, மாதம் ஒருமுறை ஒரு வரைபடமாக்கி எல்லோருக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வருவதும் போவதும் யாருக்கும் கேட்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அண்ணன் அவளைப் பூனை என்று கூப்பிடுவான்.

நட்சத்திரத்தின் ஒளியைக் கண்ணால் அளப்பது ஒன்றும் மந்திரமில்லை. பக்கத்தில் ஒளி மாறாத இரண்டு நட்சத்திரங்கள் இருக்கும். ஒன்று இதைவிடப் பிரகாசம், மற்றது மங்கல். இரண்டுக்கும் நடுவே நம் ஆள் எந்த இடத்தில் நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். வெள்ளை நட்சத்திரம் என்றால் இதோடு முடிந்தது. சிவப்பு நட்சத்திரம் அப்படி விடாது. அதை உற்றுப் பார்க்கக் கூடாது. உற்றுப் பார்க்கப் பார்க்க, அது வெளிச்சம் கூடுவது போல ஏமாற்றும். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் எழுதும் முதல் வரியே இதுதான்: உற்றுப் பார்க்காதீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்பு எல்லாக் கண்ணுக்கும் ஒரே சிவப்பு அல்ல. பல் மருத்துவருக்கு அது எப்போதும் கொஞ்சம் பிரகாசம். காவலாளிக்கு எப்போதும் கொஞ்சம் மங்கல். யாரும் பொய் சொல்லவில்லை, கண் அப்படி. அதனால் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன எண் வைத்திருந்தார்கள். கண்திருத்தம் என்று அதற்குப் பெயர். ஒருவர் எழுதி அனுப்பியதோடு அவருடைய கண்திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ போட்டால், மனிதர் மறைந்து நட்சத்திரம் மட்டும் மிஞ்சும். வருடத்துக்கு ஒருமுறை அதைக் கணக்கிட்டுப் பூட்டி வைப்பார்கள். நடுவில் தொடக் கூடாது. திருத்திய பிறகும் ஒருவருடைய புள்ளிகள் கோட்டிலிருந்து மிகவும் விலகிப் போனால், அவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டுவிட்டு, அவர் புள்ளிகளை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அவள் அதைத் தொட்டாள். எல்லோருடையதையும் அல்ல, அண்ணனுடையதை மட்டும்.

வருடத் தொடக்கத்தில் அவன் கண்திருத்தம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். நாலைந்து மாதத்தில் அவன் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தன. மற்றவர்களுக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. வீட்டுக்கு எதிரே புதிதாகத் தெருவிளக்கு போட்டிருந்தார்கள். இரவுப் பணி பார்த்துத் தூக்கம் கெட்ட கண் வேறு. இதற்காகக் கூடப்பிறந்த அண்ணனுக்கே நன்றிக் கடிதம் போடுவதா என்று நினைத்தாள். கண்திருத்தத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள். புள்ளி கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் மறுபடி இறங்கியது, மறுபடி நகர்த்தினாள். அதன் பிறகு அது மாதச் சம்பளம் போல வழக்கமாகிவிட்டது. தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குக் கண் வித்தியாசம் இருக்கிறது, அதைக் கழிப்பதற்குத்தானே சம்பளம்.

அண்ணனுக்கு அந்த வரைபடம் என்றால் உயிர். வந்த அன்றே அச்செடுத்து, தன் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, பேனாவால் வட்டம் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவான். "உங்க ஆபீஸ்தான் எனக்குக் கண் டாக்டர்" என்பான். அவள் சிரிப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் ஒரு கதை சொன்னான். எஞ்சினில் அவனோடு உட்காரும் துணை ஓட்டுநருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் மூடாது. சிக்னல் கண்ணில் பட்டதும் நிறத்தை ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அது விதி. ரேடியோ எப்போதும் முந்திக்கொள்வான். போன வாரம் ரேடியோ தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தானாம். திடீரென்று நிமிர்ந்து "சிவப்பு, சிவப்பு" என்று கத்தினானாம். அண்ணன் பிரேக்கைப் போட்டான். எஞ்சினின் மூக்கு சிக்னல் கம்பத்தை மோந்து பார்த்துக்கொண்டு நின்றதாம்.

"குடுவையில இருந்த டீ முழுக்க அவன் மடியில" என்று சொல்லி அண்ணன் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர்ச் செம்பை நிரப்பிக்கொண்டு வந்தாள். செம்பு ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

இந்த மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மாத வரைபடத்தை அவள் முடித்து வைத்திருந்தாள். பிரிவுத் தலைவர் அவள் மேசைக்கு வந்தார். எதைக் காட்டினாலும் "தசமத்துக்கு அப்புறம் என்ன?" என்று கேட்பதால் அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்றே பெயர். திரையில் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார்.

இந்த ரயில்காரர் யார் என்று கேட்டார். தன் அண்ணன் என்று அவள் சொன்னாள். குடும்பமே கூர்மைதான் என்றார். பிறகு கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார்.

"எல்லாரும் கோட்டுக்கு மேலயும் கீழயும் அலையறாங்க. அலையணும், கண்ணுன்னா அப்படித்தான். இவர் மட்டும் ஏம்மா தண்டவாளத்துல போற மாதிரி போறாரு?"

தண்டவாளம் என்ற நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பிடிபட்டுவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். தலைவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிடலாமா என்று எழுந்தாள். எழுந்தவள் உட்கார்ந்தாள். சொல்வதற்கு முன்னால் சரி செய்துவிடலாம் என்று தோன்றியது. தான் நகர்த்தியதையெல்லாம் நீக்கி, அண்ணன் அனுப்பிய எண்களை அனுப்பியபடியே வரைந்தாள்.

மாடிப்படி இறங்குவது போல அவை இறங்கின. ஒரு மாதம்கூட ஏறவில்லை.

தெருவிளக்குதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது நிற்கவில்லை. அண்ணன் இன்னொரு நட்சத்திரத்தையும் பார்த்து எழுதுகிறான், அது வெள்ளை. அதே மாடி, அதே தொலைநோக்கி, அதே தெருவிளக்கு. அதற்கு அவன் சொன்ன எண்களை எடுத்துப் பார்த்தாள். ஊரே சொன்னதைத்தான் அவனும் சொல்லியிருந்தான். வருடம் முழுக்க ஒரு இழைகூடப் பிசகவில்லை.

தெருவிளக்கு வெள்ளையை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் மறைக்காது. தூக்கம் கெட்ட கண்ணும் மறைக்காது.

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். மங்கலான வெள்ளை நட்சத்திரத்தைப் பார்ப்பது கண்ணின் ஒரு பகுதி, இருட்டுக்கென்றே இருப்பது. அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பைப் பார்ப்பது வேறு பகுதி. பட்டப்படிப்பில் இரண்டாம் வருடமே படித்தது, பரீட்சையில் படம் வரைந்து எழுதியது. நட்சத்திரம் சரியாகத்தான் இருந்தது. இத்தனை மாதமாக அணைந்துகொண்டிருந்தது வேறு.

அண்ணனின் கைபேசிக்கு அழைத்தாள். அணைத்து வைத்திருந்தது. இரவுப் பணி இருந்தால் பகலில் அணைத்துவிட்டுத் தூங்குவான். அப்படியானால் இன்று இரவு அவன் ரயில் ஓட்டுகிறான். வரைபடத்தை அனுப்பாமல் திரையை மூடிவிட்டு, தலைவலி என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டு, அவள் பேருந்து பிடித்தாள்.

பேருந்து நகர மறுத்தது. சந்திப்புக்குச் சந்திப்பு சிவப்பு விழுந்தது. முன்னால் நின்ற கார்களின் பின்விளக்குகள் வரிசையாகச் சிவந்து நின்றன. கடை வாசல்கள், மருந்துக்கடையின் பலகை, யாரோ ஒரு குழந்தையின் பந்து. இவ்வளவு சிவப்பை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, இது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தாள். பழுப்பா, சாம்பலா. ஒன்றுமே இல்லையா.

போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அண்ணி கதவைத் திறந்தாள். கூடத்தில் அண்ணனின் சீருடை தேய்த்து நாற்காலியில் தொங்கியது. கீழே சாப்பாட்டுப் பை தயாராக இருந்தது.

"உங்க அண்ணன் மேல கடைசிப் பெட்டியப் பாத்துட்டு இருக்காரு. டூட்டிக்கு முன்னாடி பாக்கலைன்னா அவருக்கு எஞ்சின் நகராது" என்றாள் அண்ணி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டாள். ஒன்றுமில்லை அண்ணி என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொலைநோக்கி நின்றது. அண்ணன் குனிந்திருந்தான். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். கொஞ்ச நாளாகவே அவன் துண்டு சுற்றிக்கொள்வதை அவள் கவனித்திருந்தாள். எஞ்சினில் காற்று என்று சொல்லியிருந்தான். அவள் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தாள்.

அவன் கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு விலக வேண்டிய இடத்தில், கிணற்றுக்குள் விழுந்த எதையோ தேடுகிறவன் போல உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா."

திடுக்கிட்டு நிமிர்ந்தான். "பூனை. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற. வா, பாரு. இன்னிக்கு ரொம்ப மங்கல். பாதி நேரம் இருக்கா இல்லையான்னே சந்தேகம்."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள். நடுவே, சற்றுக் கீழே, கடைசிப் பெட்டி. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லக் கூடி மெல்லக் குறைகிற நட்சத்திரம் அது. இப்போது கூடுகிற காலம். அதன் உள்ளிருந்து வரும் நீலத்தையெல்லாம் சுற்றியிருக்கும் கரிப்புகை குடித்துவிடும், மீந்த சிவப்புதான் நமக்கு வரும். அந்தச் சிவப்பு இன்று, அவள் பார்த்த நாள்களிலேயே நன்றாக எரிந்துகொண்டிருந்தது. மேலே இருந்த வெள்ளைக்குச் சமமாக.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் பேச வேண்டும்.

"அண்ணா, எத்தன நாளா இப்படி?"

"எப்படி?"

"சிவப்பு."

அண்ணன் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளாகத் தக்காளியில் பழமும் காயும் ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொன்னான். சிக்னல் அப்படி இல்லை. அது விளக்கு, இவ்வளவு பெரியது. மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்தால் போதும், நிறம் வேண்டியதே இல்லை. ரேடியோ வேறு இருக்கிறான். எல்லாவற்றையும் ஏற்கெனவே பலமுறை யோசித்து வைத்தவன் போல, தடுமாறாமல் சொன்னான்.

"இன்னிக்கும் ரேடியோதானா?"

"இல்ல. அவன் லீவு. புதுப் பையன்."

அவள் நிமிர்ந்தாள். டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அதற்கு அவன் சிரித்தான், நிஜமாகவே நிம்மதியாக.

"பயந்துட்டியா? அதெல்லாம் பாத்தாச்சு. வா, காட்டறேன்."

கீழே போய் அலமாரிக் கதவைத் திறந்தான். உள்பக்கம் முழுக்க அவள் அனுப்பிய வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் அவன் புள்ளிகளைச் சுற்றி வட்டம். அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவன் கதையை முழுதாகச் சொன்னது அப்போதுதான்.

போன வருடக் கடைசியில் கழுத்தில் கட்டி வந்தது. காசநோய்க் கட்டி என்றார்கள். ரயில்வே மருத்துவமனைக்குப் போனால் எஞ்சினை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று, அவன் வெளியே ஒரு டாக்டரிடம் போனான். நாலு மாத்திரை எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். அதில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தொடும், முதலில் சிவப்புதான் மங்கும், மாதம் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள், மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வா என்று சொன்னார். கண் டாக்டரிடம் போனால் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பார்கள். அண்ணன் யோசித்தான். வானத்திலேயே இதைவிடச் சிவப்பு இல்லை என்று தங்கை சொன்ன நட்சத்திரம் கையில் இருக்கிறது. ஊர் ஊராக நல்ல கண்ணுள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வதும் தான் சொல்வதும் ஒன்றா என்று மாதாமாதம் ஓர் அலுவலகமே உட்கார்ந்து சரிபார்த்து அனுப்புகிறது. இதைவிடப் பெரிய சோதனை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, பூனை. மங்கற மாதிரியே இருக்கும். அப்புறம் இது வரும். பாரு, எல்லாரு புள்ளியோடவும் என் புள்ளி ஒட்டிக்கிட்டு இருக்கு. கோடு ஏறுதா எறங்குதான்னுகூடப் பாக்க மாட்டேன், நம்ம கண்ணு சரியாத்தான் இருக்குன்னு நிம்மதியா இருக்கும். இவகிட்டயும் காட்டுவேன்."

அண்ணி தலையசைத்தாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய ஆறுதலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம்.

தங்கை அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் கூட்டத்தில் எழுந்து பேசியதில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவாள். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இன்னும் சற்று நேரத்தில் அண்ணன் அந்தச் சீருடையை மாட்டிக்கொள்வான். அவனுக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஆட்கள் தலையணையைத் தட்டிப் போட்டுத் தூங்கப் போவார்கள்.

"அந்தப் புள்ளி நீ பாத்தது இல்லண்ணா" என்றாள். "நான் நகத்தி வெச்சது."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் சொன்னாள். கண்திருத்தம் என்றால் என்ன, அதை எப்போது தொடலாம், தான் எப்போதெல்லாம் தொட்டாள், ஏன் தொட்டாள். அவனை வரைபடத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது என்றுதான் செய்ததாகச் சொன்னபோது குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மேலே நட்சத்திரம் மங்கவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது, ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது என்பதையும் சொல்லி முடித்தாள்.

அண்ணன் அலமாரிக் கதவைப் பார்த்தான். தான் போட்ட வட்டம் ஒன்றின் மேல் விரலை வைத்தான், அதைத் துடைத்துவிட முடியும் என்பது போல.

"ஒவ்வொரு மாசமுமா?"

"ம்."

"நான் ஒவ்வொரு மாசமும் இதப் பாத்துட்டுத்தான் மறுபடி அந்த மாத்திரையப் போட்டேன்."

அதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அண்ணிதான் முதலில் அசைந்தாள். நாற்காலியிலிருந்து சீருடையை எடுத்து, மடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இன்னிக்கு இது கெடையாது என்றாள். அண்ணன் அலமாரிக் கதவைச் சாத்தினான். பிறகு கைபேசியை எடுத்து, பணிமனைக்கு அழைத்து, தன்னால் வர முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்றான். காய்ச்சலா என்று அந்தப் பக்கம் கேட்டது அவர்களுக்கும் கேட்டது. இல்லை, கண் என்றான். அந்த ஒரு சொல்லோடு அவன் எஞ்சினை விட்டு இறங்கிவிட்டான் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

மாத்திரையை மறுநாளே நிறுத்தி வேறு கொடுத்தார்கள். ரயில்வே மருத்துவமனையில் கண்ணைச் சோதித்தார்கள். கண் நரம்பு பழுதாகியிருக்கிறது, சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராது, சீக்கிரம் வந்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்போம் என்றார் அந்த டாக்டர். கோடையில் மறுபடி சோதிப்பார்கள். அதுவரை அண்ணனுக்குப் பணிமனையில் ஒரு மேசை. யார் எந்த ரயில் ஓட்டுவது என்று எழுதிப் போடும் வேலை. ரேடியோ தினமும் வந்து அவன் மேசையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிவிட்டுப் போகிறானாம். எஞ்சினில் அது சத்தமாகத் தெரியவில்லை, இங்கே தலை வலிக்கிறது என்றான் அண்ணன்.

தசமத்திடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வரைபடத்தைத் திருத்தி அனுப்பச் சொன்னார். அவளைக் கண்திருத்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. ரயில்காரருக்குப் போக வேண்டிய நன்றிக் கடிதத்தை மட்டும் தானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கி, எழுதாமல் வைத்திருக்கிறாள்.

அண்ணன் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை. தெளிவான மாலைகளில் அவளையும் வரச் சொல்வான். குனிந்து பார்ப்பான், ஒன்றும் சொல்லாமல் நிமிர்வான். அவள் பார்ப்பாள், இருக்கிறது என்பாள். வசந்தம் முழுக்க இப்படியே போயிற்று.

கோடைச் சோதனைக்கு முந்தின வாரம். அண்ணியும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்திருந்தாள். அண்ணன் குனிந்தான். அவன் முதுகு சட்டென்று இறுகியது.

"பூனை. வந்துருச்சு."

அண்ணி எழுந்து நின்றாள்.

"லேசாத்தான். ஆனா தெரியுது. ரெண்டு வெள்ளைக்கும் நடுவுல, கீழ. அதே எடம்." அவன் குரல் நடுங்கியது. "கீழ இருக்கற வெள்ளைக்குக் கொஞ்சம் மேல போடு. எழுதிக்கோ."

அண்ணி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் இருந்தன. அவை வேறு இரண்டு. நாற்காலியைப் போடும்போது அண்ணி தொலைநோக்கியின் காலை இடித்திருக்க வேண்டும், அது வேறொரு பக்கம் திரும்பியிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே, கீழே, எதுவும் இல்லை. வெறும் கறுப்பு.

தொலைவில் ரயில் ஒன்று மேம்பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சின்னத் தலையசைப்பு போதும். இன்று ராத்திரி இந்த வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள்.

"தொலைநோக்கி நகர்ந்துருக்குண்ணா" என்றாள். "இதுல அது இல்ல."

அவன் தொலைநோக்கியைப் பார்த்தான், அண்ணியின் நாற்காலியைப் பார்த்தான். ரயில் மேம்பாலத்தில் ஏறி, கடந்து, போனது. அதன் கடைசிப் பெட்டியின் விளக்கு சிவப்பாகச் சிறுத்துக்கொண்டே போவதை அண்ணியும் அவளும் பார்த்தார்கள். அண்ணனும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேரா வை" என்றான் கடைசியில்.

அவள் திருப்பி வைத்தாள். சரியான இரண்டு வெள்ளைகள் வந்தன. நடுவே, சற்றுக் கீழே, கடைசிப் பெட்டி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் விலகி நின்றாள். அண்ணன் குனிந்தான்.

வெகுநேரம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. உற்றுப் பார்க்காதே என்று அவளும் சொல்லவில்லை.